கரித்துண்டின் முகவரி

சாயத் தொழிற்சாலையின் மேலாளர் எங்கள் அச்சகத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு. வழக்கமாக அவர் ஆளைத்தான் அனுப்புவார். லேபிளில் நிறம் மங்கல் என்று குறை சொல்ல, சீக்கிரம் வேண்டும் என்று நெருக்க, எல்லாவற்றுக்கும் ஆள்தான். அன்று அவரே வந்தார். முதலாளியின் மேசைப் பக்கம் திரும்பாமல் நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் கிடந்த காகிதக் கட்டின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"ஊர்வாய் நடத்தறது நீங்கதானே?"

என் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டன. "ஆமாங்க" என்றேன். மறுக்க வாய் வரவில்லை.

"கரித்துண்டுன்னு ஒருத்தன் எழுதறான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு மதியத்துக்குள்ள." குரலை உயர்த்தவே இல்லை. எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவதுபோலத்தான் சொன்னார். "எங்க கம்ப்யூட்டர் ஆளைக் கேட்டேன். எழுதறவனோட ஏதோ ஒரு நம்பர் உங்ககிட்ட பதிவாகுமாமே. அதைக் கொடுத்தா போதும், மீதியை நாங்க பார்த்துக்கறோம்."

"யாரோட விவரத்தையும் வெளில கொடுக்கறதில்லைன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்குங்க."

"விதி போட்டது யாரு?"

"நாங்கதான்."

"அப்ப நீங்களே மாத்திடுங்க." எழுந்து கைக்குட்டையை நான்காக மடித்தார். "உங்க அண்ணன் நம்ம கொதிகலன் பிரிவுலதானே ஷிப்ட் சூப்பர்வைசர்? நல்ல மனுஷன். வாயே திறக்க மாட்டார்."

அவர் போன பிறகு முதலாளி மெதுவாக வந்து என் மேசையோரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்.

இது நடந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்று ஊர்வாய் என்றால் யாருக்கும் தெரியாது. அதனால் அது என்னவென்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அச்சகத்தில் கணினியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் என் வேலை. பெற்றோர் இல்லை, அண்ணன், அண்ணியோடு இருந்தேன். எங்கள் அச்சகத்தில் நோயாளிகளுக்கான சந்திப்பு நேர அட்டை அடிக்க வந்த பல் டாக்டர் ஒருவர் ஒரு நாள், "நம்ம ஊருக்குன்னு இணையத்துல ஒரு பேசற இடம் இருந்தா எப்படி இருக்கும்?" என்றார். கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் கருத்துக்களம் நடத்தும் மென்பொருள் ஒன்று இருந்தது. அவர் வெளிநாட்டு சர்வர் ஒன்றில் இடம் பிடித்தார். நான் உட்கார்ந்து அதன் ஒவ்வொரு பொத்தானையும் தமிழாக்கினேன். ஒரு விவாதத்துக்குத் 'திரி' என்று பெயர் வைத்தோம். புதுத் திரி தொடங்கும் பொத்தானில் 'கொளுத்து' என்று எழுதினேன். டாக்டர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய புனைபெயர் பல்லவன். நான் குமாஸ்தா. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று எல்லோரும் என்னை நினைத்துக்கொண்டார்கள். 'ஐயா' போட்டுத்தான் எழுதுவார்கள். நானும் திருத்தவில்லை.

முதல் இரண்டு வாரம் மொத்தம் ஏழு உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் டாக்டர், இரண்டு பேர் நான். கூட்டம் இருப்பதுபோலக் காட்ட எங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டோம். பிறகு நூலக எழுத்தர் ஒருவர் வந்தார், ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார், ஓவிய ஆசிரியை வந்தார். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த காலம். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். 'எனக்கு மட்டும் ஏன் கட்டமாகத் தெரிகிறது?' என்ற திரி தொண்ணூற்றொரு பக்கம் ஓடியது. அதில் இரண்டு காதலும் ஒரு ஜென்மப் பகையும் உருவாயின. மூன்றாவது வருடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். காலையில் பல் துலக்குவதற்கு முன் இணைப்பைப் போடுவேன். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, மூச்சு வாங்கி ஓய்ந்ததும் பக்கத்தின் அடியில் 'இப்போது உள்ளே இருப்பவர்கள்: 14' என்று வரும். அந்தப் பதினான்கைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

கரித்துண்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குறும்பான ஆள். சாலைப் பள்ளத்தைப் பற்றி எழுதினாலும் படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குத் தனிமடலில் எழுதத் தொடங்கி, வாரத்துக்கு நான்கைந்து மடல் என்று ஆகிவிட்டது. ஆண் என்றே நினைத்து 'யோவ் கரி' என்றுதான் ஆரம்பிப்பேன். வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த ஆளிடம் சொன்னேன். எங்கள் வீட்டு நிலவரம் உட்பட. 'வீட்டில் ஓர் அண்ணி. நான் கணினி முன்னால் உட்கார்ந்தாலே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். சிரித்துப் பார்த்ததே இல்லை' என்று ஒரு முறை எழுதினேன். 'அந்த அம்மாவுக்கு என்ன கவலையோ, விடுங்கள் குமாஸ்தா' என்று பதில் வந்தது.

மேலாளர் வருவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன் அதே கரித்துண்டு, வேடிக்கை எதுவுமில்லாமல், சாயத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு திரியைக் கொளுத்தியிருந்தார். கொதிகலனில் அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியேவிட ஒரு வால்வு உண்டு. அது அடிக்கடி திறந்து உற்பத்தி தடைபடுகிறது என்று, திறக்கவே முடியாதபடி கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், மூன்று வாரமாக அப்படியே ஓடுகிறது என்று எழுதியிருந்தார். நானூறு பதில்கள் வந்துவிட்டன. அதற்குத்தான் மேலாளர் கைக்குட்டையோடு வந்தது.

மேசையோரம் நின்ற முதலாளி தொண்டையைச் செருமினார். "நம்ம வேலையில பாதி அவங்க லேபிள்தாம்மா. எட்டு பேர் இங்க வேலை பார்க்கறாங்க."

"தெரியும் சார்."

"முகம் தெரியாத எவனோ ஒருத்தன். அவனுக்காக நீ ஏன் கழுத்தைக் கொடுக்கணும்?"

கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்திருந்தார், அவ்வளவுதான். நானும் பயந்துதான் இருந்தேன். அவர் நகர்ந்ததும் நிர்வாகிகளுக்கான பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி எண் ஒன்று பதிவாகியிருக்கும். ஆபாசமாக எழுதியவர்களைத் தடுக்க நாலைந்து முறை அதைப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் எண்ணைப் பார்த்ததில்லை. கொடுப்பதற்காக இல்லை, எச்சரிப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கரித்துண்டின் பெயரை அழுத்தினேன்.

தொலைபேசி வழியாக இணையும் அந்தக் காலத்தில், ஒவ்வொரு முறை இணையும்போதும் எண் மாறும்; எந்த எண் எந்த வீட்டில் இருந்தது என்பது இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்குத்தான் தெரியும். அதனால் பட்டியலைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு வரியில் கண் நின்றது. இரண்டு வாரத்துக்கு முன், காலை ஆறு நாற்பத்தொன்றுக்குக் கரித்துண்டு ஒரு பதிவு இட்டிருந்தார். ஆறு ஐம்பத்தைந்துக்கு அதே எண்ணிலிருந்து இன்னொரு பதிவு. இட்டவர் குமாஸ்தா. நான்.

அந்தக் காலை எனக்கு நினைவிருந்தது. எழுந்து வந்தபோது வீட்டுக் கணினியில் இணைப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் துண்டிக்க மறந்துவிட்டேன்போல என்று தலையில் தட்டிக்கொண்டு அப்படியே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில்தான். அண்ணனா? கொதிகலன் பிரிவு. ஆனால் பல பதிவுகளின் நேரம் வார நாட்களில் காலை பதினொரு மணி, பதினொன்றரை. அந்த நேரத்தில் அண்ணன் தொழிற்சாலையில் இருப்பார், நான் அச்சகத்தில் இருப்பேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

ஒரு வருட மடல்களும் கண்முன் ஓடின. பாத்திரம் உருளும் சத்தம். சிரித்துப் பார்த்ததே இல்லை.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணி சமையலறை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினேன்.

"என்ன இந்த நேரத்துல?" என்றார் திரும்பாமல்.

"யோவ் கரி" என்றேன்.

கத்தி நின்றது. பிறகு கத்தியைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்தார், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் திரும்பினார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அதை விடுங்க. ஏன் அண்ணி? நான் யாருன்னு தெரிஞ்சேதானே எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான். நேர்ல நீ என்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்ட. அங்க பக்கம் பக்கமா எழுதற. முதல்ல விளையாட்டாதான் ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியல."

"உங்களைப் பத்தியே உங்ககிட்ட எழுதியிருக்கேன்."

"அதுக்கப்புறம் பாத்திரத்தை மெதுவாத்தான் வச்சேன். நீ கவனிக்கல."

வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன், அல்லது அழுதிருப்பேன். அன்று அதற்கு நேரமில்லை. மேலாளர் வந்ததைச் சொன்னேன். அண்ணி சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"உங்க அண்ணன் ஒரு மாசமா சரியாச் சாப்பிடறதில்ல. ஒரு நாள் கேட்டுக் கேட்டு வாங்கினேன். வால்வைக் கட்டி வச்சிருக்காங்கன்னார், யார்கிட்டயும் சொல்லாதேன்னார். தினம் வேலைக்குக் கிளம்பறப்ப அலமாரிச் சாவியை என் கையில வச்சு அழுத்திட்டுப் போறார். இதுவரைக்கும் அப்படிச் செஞ்சதே இல்ல. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. எனக்கு இருந்த ஒரே வாய் அதுதான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கூடத்துக்குப் போய் டாக்டருக்குத் தொலைபேசினேன். அவரும் நிர்வாகி. நான் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் அவராலும் பார்க்க முடியும். பின்னணியில் பல் குடையும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"உன்கிட்டயும் வந்தாங்களா?" என்றார். "காலைல இங்க வந்துட்டுத்தான் போனார். அவங்க ஆட்கள் மொத்தப் பேருக்கும் பல் பார்க்கறது என் கிளினிக்தான், உனக்குத் தெரியும். வக்கீல் நோட்டீஸ் வரும்னு வேற சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க டாக்டர்?"

"பார்த்துச் சொல்றேன்னேன். நாலு மணிக்கு என் கடைசி பேஷன்ட். முடிச்சதும் உட்கார்ந்து அந்த நம்பரை எடுக்கறேன்."

"எடுத்து?"

அவர் பதில் சொல்லவில்லை. இயந்திரம் மட்டும் இரைந்தது.

"கொடுத்துடாதீங்க டாக்டர்."

"ஏன், யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மூன்று வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். "தெரியாது."

"அப்ப ஏன் இவ்வளவு பதட்டம்? சாயங்காலம் பேசுவோம். இங்க ஒருத்தர் வாயைத் திறந்துட்டுப் படுத்திருக்கார்." வைத்துவிட்டார்.

மணி இரண்டு இருபது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் கொடுத்துடுவாரா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. சிரிக்கத் தெரிந்த, தாராளமான மனிதர். ஆனால் அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. ஐபி எண்களை அழித்துவிட வேண்டும். கரித்துண்டுடையதை மட்டும் அழித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நாற்பதாயிரம் பதிவுகளின் எண்களையும் மொத்தமாக அழிக்க வேண்டும். சர்வர் நிறுவனம் வைத்திருக்கும் பதிவேடு இரண்டு நாளுக்கு மேல் தங்காது; அண்ணி எழுதி ஒன்பது நாளாகிவிட்டது. ஆக, எங்கள் தரவுத்தளம் மட்டும்தான். அதற்குள் நுழைவதற்கான நீண்ட கடவுச்சொல் அச்சகக் கணினியில் மட்டுமே சேமித்து வைக்கப்பட்டிருந்தது.

திரும்ப ஓடினேன். முதலாளியிடம், "முக்கியமான வேலை சார், நாலு மணி வரைக்கும் போனை எடுத்துடாதீங்க" என்றேன். அச்சகத்தில் ஒரே இணைப்பு. அவர் மேசையிலும் ஒரு கருவி உண்டு. அதை யாராவது தூக்கினால் என் இணைப்பு அறுந்துவிடும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பரை எடுக்கத்தான் உட்கார்கிறேன் என்று நினைத்திருப்பார். "சரிம்மா, செய்" என்றார் நிம்மதியாக.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு இணைப்பு கிடைத்தது. தரவுத்தளப் பக்கம் திறக்கவே ஆறு நிமிடம். எழுத வேண்டிய கட்டளை ஒரே வரி. ஆனால் அந்த வரியில் ஒரு சொல் பிசகினால் எண்களோடு பதிவுகளும் போய்விடும். மூன்று வருடப் பேச்சு, தொண்ணூற்றொரு பக்கக் கட்டத் திரி, ஓட்டுநர் தன் பேருந்தில் நடந்த பிரசவத்தைப் பற்றி எழுதியது, எல்லாம். கடைசியாகப் பிரதி எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இப்போது எடுக்க நேரமில்லை. எழுதினேன். படித்தேன். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். உள்ளங்கை வியர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

திரையின் மூலையில் மணற்கடிகாரம் சுற்றியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

பின்னால் கிளிக் என்று ஒரு சத்தம். "ஹலோ... ஹலோ? என்னடா இது, கரகரங்குது" என்று முதலாளியின் குரல்.

"சார்!"

"ஐயோ, மறந்துட்டேம்மா." வைத்தார். திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது'.

கட்டளை ஓடி முடிந்ததா, பாதியில் நின்றதா, எதுவும் தெரியவில்லை. மறுபடி இணைத்தேன். லைன் பிஸி. மறுபடி. பிஸி. ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்துக்குள் நுழைவதுபோல. மூன்றரை. மூன்று நாற்பது. பக்கத்தில் அச்சு இயந்திரம் தடக் தடக் என்று சாயத் தொழிற்சாலையின் லேபிள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. பதினோராவது முயற்சியில் மோடம் கீச்சிட்டது. மூன்று நாற்பத்தேழு.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றுமே அழியவில்லை. எல்லா எண்களும் வரிசை கட்டி நின்றன.

மறுபடி அந்த வரியை எழுதினேன். இந்த முறை இரண்டாம் தடவை படிக்கவில்லை. அழுத்தினேன். மணற்கடிகாரம். நான் எழுந்து போய் முதலாளியின் தொலைபேசி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

மூன்று ஐம்பத்தெட்டுக்குத் திரை மாறியது. 'பாதிக்கப்பட்ட வரிசைகள்: 40,316.' களத்தைத் திறந்தேன். பதிவுகள் எல்லாம் இருந்தன. யாரோ ஒருவர் வானிலையைத் திட்டி அப்போதுதான் எழுதியிருந்தார். கரித்துண்டின் பெயரை அழுத்தினேன். எண் இருந்த இடத்தில் வெறுமை. உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு இருபதுக்கு டாக்டரின் அழைப்பு வந்தது. "என்ன பண்ணி வச்சிருக்க?"

"அழிச்சிட்டேன் டாக்டர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல."

"நேரமில்ல."

"நான் கொடுத்துடுவேன்னு நினைச்சியா?" நான் பேசவில்லை. இப்போது மௌனம் என் முறை. "மூணு வருஷம்மா" என்றார். "மூணு வருஷமா சேர்ந்து நடத்தியிருக்கோம்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அன்று மாலை களத்தில் பல்லவன் என்ற பெயரிலிருந்த நிர்வாகிப் பொறுப்பை அவரே நீக்கிக்கொண்டார்.

ஆறரைக்கு அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே அண்ணி சொல்லிவிட்டார். நான் சொல்கிறேன் என்று கேட்டும் விடவில்லை. "எழுதினது நான். நான்தான் சொல்லணும்" என்றார். கரித்துண்டு, மேலாளர், அழித்த எண்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் ஒரு செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"யாரோ கட்டினாங்கன்னு எழுதியிருக்கியே" என்றார் அண்ணியைப் பார்த்து. "அந்தக் கம்பியைக் கட்டினது யாருன்னு தெரியுமா?"

அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"கட்டச் சொன்னாங்க. கட்டினேன். ரெண்டு நாளைக்குத்தான்னாங்க. அப்புறம் அவிழ்க்க விடல." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ இருபத்தாறு பேர் நிக்கறாங்க. ஒவ்வொரு தடவை பிரஷர் முள்ளு சிவப்புக்கிட்ட வர்றப்பவும் எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபத்தாறு."

பிறகு அண்ணி தரையில் உட்கார்ந்து அவருடைய இன்னொரு செருப்பைக் கழற்றினார். "நாளைக்குக் காலைல கொதிகலன் ஆய்வாளர் ஆபீசுக்குப் போவோம்" என்றார். "நானும் வர்றேன். கட்டினேன்னு சொல்லுங்க. யார் கட்டச் சொன்னாங்கன்னும் சொல்லுங்க."

"வேலை போயிடும்."

"போகட்டும். நீங்க இருக்கணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் போனார்கள். நான் அச்சகத்துக்குப் போனேன். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மேலாளர் வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"நம்பர்?"

"இல்லைங்க. எங்ககிட்ட யாரோட நம்பரும் இல்ல. பதிவுகள்ல இருந்து எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

"எப்ப?"

"நேத்து."

அவர் சட்டைப் பையிலிருந்த கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். எதிர்ப்பக்கம் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "யாரு? இப்பவா? கேட்லயே நிறுத்து, நான் வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். கேட்டில் நிறுத்த முடியவில்லை. ஆய்வாளர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்.

அன்று மூன்று மணிக்குக் கொதிகலனை அணைத்தார்கள். கம்பியை அவிழ்த்த பிறகும் வால்வு திறக்கவில்லையாம். கட்டியே கிடந்ததில் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆய்வாளர் சுத்தியலால் தட்டித்தான் கழற்றினார் என்று அண்ணன் சொன்னார். பதினொரு நாள் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. மேலாளர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அண்ணனுக்கு வேலை போயிற்று. நான்கு மாதம் வீட்டில் இருந்துவிட்டு ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தார். "கொதிச்சது போதும்னு குளிர்ல போட்டுட்டாங்க" என்று அவராகவே ஜோக் அடித்த அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

நானும் அந்த வாரமே அச்சகத்தை விட்டேன். நான் இருக்கும்வரை லேபிள் வேலை வராது என்று எனக்கும் முதலாளிக்கும் தெரியும். அவர் போகச் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வாசல்வரை வந்தார். பிறகு வீட்டு முன்னறையிலேயே சின்னதாகத் தட்டச்சுக் கடை ஒன்று போட்டேன்.

கரித்துண்டு அண்ணன்தான் என்று களத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆய்வாளரிடம் போனது அவர்தானே. நாங்கள் அதைத் திருத்தவில்லை. அண்ணி அந்தப் பெயரில் அப்புறம் எழுதவே இல்லை. தனிமடலும் நின்றுபோயிற்று. நேரில் பேச ஆரம்பித்தோம், ஆனால் எழுத்தில் வந்த சரளம் முதல் ஆறு மாதத்துக்கு வரவில்லை. இருவருமே சமையலறையில் நின்றுகொண்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், வெங்காய விலையைப் பேசிக்கொண்டிருப்போம்.

ஊர்வாய் இன்னும் ஐந்து வருடம் ஓடியது. தனியாளாக நடத்தினேன். ஆனால் பெரிய தளங்கள் வந்தபின் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். யாரும் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் நானும் மறுபடி எனக்கு நானே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மூடிவிட்டேன்.

இன்று எல்லாரும் சொந்தப் பெயரும் படமும் போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள். வசதியாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும், வரவேற்பறையில் விளக்கு போட்டு ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டுக் காத்திருப்பதுபோல அந்தக் களத்தைத் திறந்து வைத்த காலைகள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும். கூடவே டாக்டரின் குரலும் வரும். நான் கொடுத்துடுவேன்னு நினைச்சியா? அவரை நம்பாமல்போனது சரியா தவறா என்று பல வருடம் என்னையே அரித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவர் கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கிளினிக்கை மூடுகிறாராம், நோயாளிகளுக்கு அறிவிப்பு ஒன்று அடிக்க வேண்டும். நான் தட்டச்சு செய்தேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தார். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்" என்றார். "அன்னைக்கு நான் கொடுத்திருப்பேன்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைசி பேஷன்ட் போனதும் பேனா, பேப்பரோட தயாராத்தான் உட்கார்ந்தேன். பயந்துட்டேம்மா. எண் இருந்த இடம் காலியா இருந்ததைப் பார்த்ததும் முதல்ல வந்தது நிம்மதிதான். அப்புறம் அந்த அவமானத்துலதான் உன்மேல கோபப்பட்டேன். நீ நம்பாததுக்காக இல்ல. நீ சரியாக் கணிச்சதுக்காக."

இத்தனை வருடக் கனம் இறங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இறங்கிய இடத்தில் வேறொரு வருத்தம் ஏறி உட்கார்ந்தது. தவறு என்னுடையதாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல், "டீ சாப்பிடறீங்களா டாக்டர்?" என்றேன்.

இருந்தார். ஓட்டுநர் என்ன ஆனார், ஓவிய ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். பாதிப் பேரைப் பற்றி எனக்கே தெரியாது. உள்ளேயிருந்து டீயோடு வந்த அண்ணி தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"டாக்டர்தானே?" என்றார். "ஒரு வாரமா இடது பக்கம் மெல்லவே முடியல."

அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டார். "உட்காருங்கம்மா" என்றார். "ஆ காட்டுங்க."